ஜூன் 28-க்குத் திரும்பிய கம்ப்யூட்டர்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. அறைக்குள் கயிறு கட்டி, அதில் வீட்டுக்காரருடைய இரண்டு யூனிஃபார்ம்.

நான் வேலை கேட்டிருந்த கருவிப் பட்டறை, அந்த டூல்ரூம், கொடுத்த சோதனை ட்ராயிங் முக்கால்வாசி முடிந்தது. ஒரு சின்ன இரும்புத் தகட்டைப் பிடித்து வைத்து ஆறு துளை போட ஒரு ஜிக். வெள்ளி பதினொரு மணிக்குக் கொடுக்க வேண்டும். பாக்கி: பக்கவாட்டுத் தோற்றம், அளவுகள், பெயர்க்கட்டம்.

ஒன்பது வருஷம் கழித்து ஒரு ட்ராயிங். முதல் நாள் மௌஸ் சொன்ன இடத்தில் நிற்கவில்லை. இன்று நிற்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

மார்க்கெட் போய் வந்தேன். கீரை, தக்காளி, கொத்தமல்லி. வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் முன்னால் அவர். திரை முழுக்க நீலம். அணைந்தது. மறுபடி நீலம்.

"என்ன பண்ணுனீங்க?"

"ஸ்லோவா இருக்குன்னு நீதான சொன்ன. கீழ ஒண்ணு வந்துச்சி, வேகமாக்கவான்னு கேட்டுச்சி. சரின்னு அமுக்கிட்டேன்."

"யாரு கேட்டாலும் சரின்னுடுவீங்களா?"

அவர் இரண்டாம் ஷிஃப்டுக்குக் கிளம்பினார். டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தேன். எடுத்துக்கொண்டு போனார்.

பென்டிரைவில் காப்பி எடுக்கவில்லை. அது என் தப்பு. அதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 16, புதன்

மழை இல்லை. காற்று மட்டும்.

சிபியூவை மடியில் வைத்து ஆட்டோவில் ரிப்பேர் கடைக்கு. கடைக்காரர் ஐந்து நிமிஷம் பார்த்தார்.

"ஃபார்மட் போட்டுடலாம்மா. புதுசு மாதிரி ஆயிடும்."

"உள்ள இருக்கறது?"

"எல்லாம் போயிடும். முக்கியமானது எதுனா இருக்குதா?"

வேண்டாம் என்று திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். தொடை வலி.

மாடிப்படியில் எதிர் வீட்டு மஞ்சுளா அக்கா. ஆனேக்கல்காரர், கன்னடம் கலந்த பேச்சு, பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. "ஏனாய்த்து செல்வி? முகமே சரியில்ல." சொன்னேன். "எங்க ஆபீஸ்ல இதேதான் ஆச்சு. ஃபார்மட் எல்லாம் பண்ணல. பழைய தேதிக்குத் திருப்புனாங்க, அஷ்டே, அவ்ளோதான். ஃபைல் எல்லாம் அப்படியே இருந்துச்சு." எப்படி என்று அவருக்கும் முழுசாகத் தெரியவில்லை. ஆபீஸில் கேட்டு நாளைக்குள் போனில் அனுப்புவதாகச் சொன்னார்.

மதியம் சும்மா உட்கார முடியவில்லை. பரணில் ஏறி ஐ.டி.ஐ. காலத்து ட்ராயிங் போர்டு, கோடு போடும் டிராஃப்டர், கருவிப் பெட்டி எல்லாம் இறக்கினேன். பென்சிலைச் சீவி, அதே ஜிக்கைத் தாளில் முதலிலிருந்து. கம்ப்யூட்டர் வரவே இல்லை என்றால் இதையாவது கொடுக்கலாம்.

மூன்று மணிக்கு ஒன்று தெரிந்தது. தகட்டை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் சரியாக நான்காவது துளைக்கு மேலே. டிரில் இறங்கவே முடியாது. கம்ப்யூட்டரில் நான் போட்டதும் இப்படித்தான், இத்தனை நாள் கண்ணில் படவில்லை. அப்படியே கொடுத்திருப்பேன். பிறகு நிம்மதி. கிளாம்பைப் பக்கவாட்டில் தள்ளி வைத்தேன், இடம் இருக்கிறது.

மாலை ம. அக்கா அனுப்பிவிட்டார். வரிசையாக ஏழு படி. போனில் மின்வாரியச் செய்தியும்: நாளை 9 முதல் 5 வரை கரண்ட் கிடையாது, பராமரிப்பு.

ஜூலை 17, வியாழன்

ஆறு மணிக்கே உட்கார்ந்தேன். அவரும் எழுந்து வந்தார். பின்னாலேயே நின்றார்.

பழுது நீக்கும் திரை வந்தது. தேதிகள் இரண்டு: ஜூலை 10, ஜூன் 28. முதலில் ஜூலை 10. நாற்பது நிமிஷம் வட்டம் சுற்றியது. "முடியவில்லை" என்று ஒரு பெட்டி.

7.05. இனி ஜூன் 28 மட்டும்தான். எவையெல்லாம் போகும் என்று கேட்டால் பட்டியல் காட்டுகிறது. அதில் ட்ராயிங் சாஃப்ட்வேர். ஜூலை முதல் வாரம்தான் போட்டேன். அது போனால் மறுபடி போடலாம். நான் வரைந்த ஃபைல்?

"அக்கா ஃபைல் போவாதுன்னுதான சொன்னாங்க," என்றார் அவர்.

"ஒருவேள போயிட்டா?"

"போனா இது இருக்குல்ல." மேசைமேல் என் தாள். நேற்றே பார்த்திருக்கிறார். "நீ போட்டதுதான. நல்லாருக்கு."

அமுக்கினேன்.

நடுவில் அணைந்தால் மொத்தமும் கெட்டுவிடுமாம். யூபிஎஸ் பத்து நிமிஷம்தான் தாங்கும். 7.30. 7.50. காபி போட்டுக்கொண்டு வந்து வைத்தார், சர்க்கரை போட மறந்து. குடித்தேன். 8.20-க்குத் திரை கறுத்தது. அவர் என் தோளைப் பிடித்தார், வலித்தது. பிறகு பழைய மலைப்படம். ஐகான்கள். மெதுவாக, ஒவ்வொன்றாக.

ஃபைல் இருக்கிறது.

"செவ்வாக்கெழம அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க," என்றேன்.

"வுடு."

உடனே பென்டிரைவில் இரண்டு காப்பி. 9.00-க்குச் சொன்னபடி கரண்ட் போனது.

மாலை 5.20-க்கு வந்தது. சாஃப்ட்வேரைப் புதிதாக இறக்கி, கிளாம்பை நகர்த்தி, அளவுகள், பெயர்க்கட்டம். 'வரைந்தவர்' என்ற இடத்தில் என் பெயர். ம. அக்காவுக்குக் கொஞ்சம் கேசரி கொண்டுபோய்க் கொடுத்தேன். "நான் என்ன பண்ணேன், ஃபோன்ல அனுப்புனேன்," என்றார்.

ஜூலை 18, வெள்ளி

வெயில். டூல்ரூம், 10.45. நீலப் புடவை.

மேனேஜர் ஐம்பது வயதுக்காரர், பேச்சு குறைவு. பென்டிரைவைப் போட்டுப் பார்த்தார். நான் சுருட்டி வைத்திருந்த தாளைக் காட்டி, "இது என்னாது?"

"கையால போட்டது சார். கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு. வெள்ளிக்கெழமைக்குள்ள வேணுமேன்னு."

விரித்து வைத்து வெகுநேரம் பார்த்தார். அழித்த தடத்தின் மேல் விரல். "கிளாம்ப மாத்தியிருக்கீங்க."

"மொதல்ல தப்பா வச்சிட்டேன் சார். டிரில் எறங்காது."

"இதுவரைக்கும் நாலு பேரு குடுத்தாங்க. எல்லாரும் அந்தத் தொளைக்கு மேலதான் வச்சாங்க, யாரும் பாக்கல." தாளைத் திருப்பித் தரவில்லை. தன் மேசை இழுப்பறையில் வைத்தார். "திங்கக்கெழம ஒம்போது மணிக்கு வேலைக்கு வந்துடுங்கம்மா."

வெளியே வந்து அவருக்கு போன்; இன்று மட்டும் அவருக்கு முதல் ஷிஃப்ட். மிஷின் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"சரி, எத்தன மணி வரைக்கும் வேல?"

கேட்க மறந்துவிட்டேன்.