உன்னை மட்டும் யாரும் கேட்கவில்லை

இன்று காலை நம் சத்துணவுக் கூடத்துச் சுவரில் நர்ஸம்மா ஒரு போஸ்டர் ஒட்டிவிட்டுப் போனார். வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று படம் போட்டிருக்கிறது. நீ கரண்டியோடு சரிந்தாயே, சரியாக அந்த இடத்துக்கு மேலே. பிள்ளைகளுக்கு முட்டை வெந்துகொண்டிருந்தது. எனக்கு அந்தப் போஸ்டரைக் கிழித்து அடுப்பில் போட வேண்டும் போல இருந்தது. உடனே போனோமே! போன பிறகு என்ன நடக்கும் என்று அந்தப் படத்தில் ஒன்றும் இல்லை.

"என் வாய்க்குப் பயந்துதான் பருப்பே வேகுது" என்பாய் நீ. அரிசி மூட்டை வரத் தாமதமானால் ஆபீசுக்கே போன் போட்டு, "புள்ளைங்க பசியில குந்திக்கினு இருக்குதுங்க, ஜல்தி அனுப்புங்க" என்று அதட்டுவாய். அந்த வாய்தான் அன்றைக்கு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது.

ஆம்புலன்சில் திண்டிவனம் போனோம். பார்த்ததும் விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தாய். ஸ்கேன் எடுத்து முடித்த டாக்டரம்மா, "நல்லவேளை, சீக்கிரம் வந்துட்டீங்க" என்றார். உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. அதைக் கரைக்க ஊசி இருக்கு. போட்டா கை காலு, பேச்சு திரும்ப வாய்ப்பு அதிகம். சில பேருக்கு மட்டும் மூளையில ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம். லேட்டானா போட முடியாது. சம்மதம்னா கையெழுத்து போடுங்க" என்றார் அவர். நான் போடுகிறேன் என்று கையை நீட்டினேன். நீங்க என்ன உறவு என்று கேட்டார். கூட வேலை செய்கிறவள் என்றேன். சொந்தக்காரங்க வரட்டும் என்றார்.

உன் வீட்டுக்காரர் ஓடி வந்தார். டாக்டரம்மா சொன்னதில் ரத்தக் கசிவு மட்டும்தான் அவர் காதில் ஏறியது. "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா அவ பொறந்த வூட்டுக்கு இன்னா பதில் சொல்லுவேன்? மச்சான ஒரு வார்த்த கேட்டுக்கினு போடறேன்" என்று வல்லத்திலிருந்த உன் அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன், "கட்டிக் குடுத்துட்டோம், அது உங்க வூட்டுப் பொண்ணு. நீங்க பாத்து செய்யுங்க மாப்ள" என்றார். இவர் விடவில்லை. "இல்ல மச்சான், உங்க வாயால சொல்லிடுங்க." கடைசியில் அண்ணன் நேரிலேயே வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். வந்தும் அதே கதைதான். கல்யாணப் பந்தியில் நீங்க முதல்ல உக்காருங்க என்று சம்பந்திகள் நிற்பார்களே, அப்படி நின்றார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

நீயோ முழித்துக்கொண்டுதான் கிடந்தாய். எல்லாம் உன் காதில் விழுந்தது. கட்டில் கம்பியை இடது கையால் தட்டினாய். "அவளக் கேளுங்களேன், தலையாட்டுவா!" என்று கத்தினேன்.

"அதுக்கு இன்னாம்மா தெரியும், பேச்சே நின்னு போச்சே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் உன் வீட்டுக்காரர்.

நீ தலையை ஆட்டினாய். ஆமாம் என்றுதான் ஆட்டினாய். அதைப் பார்த்த உன் அண்ணன், "தங்கச்சி வலியில துடிக்குது பாருங்க" என்று அழுதார்.

இரண்டு பேரும் ஒருவழியாகச் சேர்ந்து போய்ப் பேனாவைக் கேட்டபோது டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். "நேரம் தாண்டிடுச்சுங்க. இனிமே போட்டா கெடுதல்தான் அதிகம்."

அதற்கப்புறம் நீ இருந்ததை இருந்தது என்று எப்படிச் சொல்வேன்? கேப்பைக் கூழைக் கரைத்துக்கொண்டு வருவேன். பாதி கடைவாயில் வழிந்துவிடும். ஒருநாள் கேட்டேவிட்டேன், "அன்னிக்கு ஆமான்னுதானேடி ஆட்டின?" என்று. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். வெயில் காலம் முடிவதற்குள் போய்விட்டாய்.

உன் காரியத்தன்று இரண்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் ஒரு சொல்கூடக் குறை சொல்லவில்லை. "எல்லாரும் கலந்து பேசித்தான செஞ்சோம்" என்றார் உன் அண்ணன். அத்தனை பேரும் ஆமாம் என்றார்கள். உன் படம் மாலையோடு அவர்கள் பின்னால் இருந்தது.

எனக்கு மிஞ்சியது பயம்தான்டி. பாத்திரம் தேய்க்கும்போது கை மரத்துப் போனால்கூட விரலை மடக்கி மடக்கிப் பார்க்கிறேன். இன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னேன். "எனக்கு அந்த மாதிரி வந்தா என்னக் கேளுங்க. பேச்சு வரலன்னா கையப் புடிச்சிக் கேளுங்க. யாருக்கும் காத்துக்கினு இருக்காம கையெழுத்து போட்டுடுங்க."

டிவியை நிறுத்திவிட்டுத்தான் கேட்டார். நல்ல மனுஷன், உன் வீட்டுக்காரர் மாதிரியே. "சரி, போட்டுடறேன்" என்றார். மறுபடி டிவியைப் போடப் போனவர் திரும்பினார்.

"இருந்தாலும் உன் தம்பிய ஒரு வார்த்த கேக்காம எப்டி?"