பொம்மை அண்ணனும் உன் தம்பியும்

செட்டிபாளையம்
14.03.2008

அன்பான மகளுக்கு,

நீ அங்கே குளிரில் சுகமாக இருக்கிறாய் என்று தெரியும், இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம், சுகமா என்று மட்டும் கேட்காதே. இதைத் தபாலில் போடவில்லை, ரெலிபோனும் கம்பியூட்டரும் வைத்திருக்கிற கொமினிகேசன் கடையில் இமெல்டா வேலை செய்கிறாளே, அவள் புருஷன் றோய் லண்டனுக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன், வாசித்ததும் கிழித்துவிடு. நீ அனுப்பிய பால்மாவும் தைலமும் வந்து சேர்ந்தன, அதற்குப் புகழ்ந்து எழுதுவேன் என்று பார்த்திருந்தால் வேறு ஆளைப் பார். எனக்கு நெஞ்சு பற்றி எரிகிறது.

போன மாதம் ரெலிபோனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாயே, கம்பியூட்டரில் ஒரு விளையாட்டு உலகம் இருக்குது அம்மா, அதுக்குள்ள நம்மட பக்கத்து அண்ணன் ஒருத்தரைக் கண்டுபிடிச்சிட்டன், நம்மட தாய்வழிக் குடிதானாம் என்று. பெயர் என்ன என்றேன், வாவிமைந்தன் என்றாய். அது தகப்பன் வைத்த பெயரா என்றேன், அங்க எல்லாரும் ஒரு பொம்மைக்குள்ள நிண்டு வேற பேரிலதான் கதைப்பம் அம்மா, எனக்கும் வேற பேர்தான் என்றாய். நீ சொல்லி ஆறாம் நாள், உன்னிச்சையில் சின்னத்தங்கம் சின்னம்மா வீட்டு வாசலில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். குட்டான் நிக்கிறானோ, லண்டன் அக்கா சாமான் தந்துவிட்டவ என்று கேட்டார்களாம். உன் தம்பியைக் குட்டான் என்று கூப்பிடுவது நமது வீட்டாருக்கு வெளியே யாருக்கும் தெரியாது. பதினாறு வயதில் இயக்கத்துக்கென்று பிடித்துக்கொண்டு போனவர்களிடமிருந்து ஓடி வந்த பிள்ளை, அவர்களுக்கும் பயம், இங்கே காவல் நிற்கிற இவர்களுக்கும் பயம் என்று நாலு வருஷமாக ஒளித்து வைத்திருக்கிறேன், அவன் இருக்கிற இடத்தையும் செல்லப் பெயரையும் நீ ஒரு பொம்மைக்குச் சொல்லியிருக்கிறாய். அம்மன் புண்ணியம், அவன் அந்த நேரம் வயல் வட்டையில் வெள்ளாமை வெட்டிக்கொண்டு நின்றான். கோணாமலைச் சித்தப்பா, அவன் கண்டிக்குப் போயிட்டான் தம்பிமாரே என்று சொல்லியிருக்கிறார். அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் விட்டார்கள். வலது கையால் சோறு பிசைய ஏலாது, சின்னம்மாதான் தீத்திவிடுகிறாள்.

பிறகு இமெல்டாவிடம் போய், அந்த உலகத்தை எனக்கும் காட்டு என்று குந்திக்கொண்டேன், அவளும் அதற்குள் போய் வருகிறவள்தானே. லைன் மெதுவென்று படம் அரைவாசிதான் வந்தது. இடுப்பு ஒடிகிற மாதிரி ஒரு வெள்ளைப் பொம்மை, அதுதான் நீயாம். பக்கத்தில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு பொம்மை, அதுதான் உன் அண்ணனாம். இமெல்டா மெல்லச் சொன்னாள், அதுக்குப் பின்னால ஆம்பிளையா பொம்பிளையா எண்டே தெரியாது மாமி என்று. உனக்கு எப்படித் தெரிந்தது? கண்ணகை அம்மன் சடங்கில் நமது குடியின் பூசை எத்தனையாம் நாள் என்று பிசகாமல் சொன்னாராம், ஒரே குடி என்றால் கூடப்பிறந்த முறைதானே என்று நம்பினாயாம். அடி விசரி, அதை வருஷா வருஷம் ஸ்பீக்கரில் கத்துகிறார்கள், கோயிலடியில் கச்சான் கடலை விற்கிறவனுக்கும் தெரியும், துவக்கோடு காவல் நிற்கிறவனுக்கும் தெரியும். குடி தாய் வயிற்றால் வருவது. ஒருவன் குடியைச் சொன்னால் உன் தாய் யார், எந்த வளவு என்று அடுத்துக் கேட்கத் தெரியாதா உனக்கு? சித்தப்பாவின் கதையை இமெல்டாவைக் கொண்டு கம்பியூட்டரில் எழுதுவித்ததற்கு நீ போட்ட மறுமொழியை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது, அவர் அப்பிடி ஆள் இல்லை அம்மா, கேட்டுப் பாத்தன், சத்தியம் பண்ணி அழுதவர் என்று. எந்தக் கண்ணால் அழுதது அந்தப் பொம்மை? அவன் நல்லவனாகவே இருக்கட்டும், பக்கத்தில் நின்று கேட்ட பொம்மைகள் எத்தனை?

தொண்ணூறில் உனக்கு ஆறு வயது, மறந்திருப்பாய். பள்ளிக்கூட மைதானத்தில் ஆமிக்காரர் ஊரையே இருத்தி, ஆம்பிளைகளை ஒவ்வொருவராக ஜீப்புக்கு முன்னால் நடத்தினார்கள். உள்ளே ஆளைக் காட்டிக்கொடுக்கிற ஒரு தலையாட்டி, தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அப்பா போகும்போது அந்தத் தலை ஆடியது. அப்பா திரும்பி வரவில்லை. சாக்குக்குள் இருந்தவன் யார் என்று பதினெட்டு வருஷமாக எனக்குத் தெரியாது. சந்தையில் எனக்கு மீன் நிறுத்துத் தருகிறவனாகவும் இருக்கலாம், உன்னுடைய அண்ணனாகவும் இருக்கலாம். முகம் காட்டாதவனுக்கு இந்த வீடு கொடுத்தது போதாதா புள்ள?

ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் எடுத்து, தம்பி இப்ப எங்க அம்மா என்று கேட்டாய். தெரியாது என்றேன். பொய்தான், எனக்குத் தெரியும். நீ கேட்டதும், இது இவளாகக் கேட்கிறாளா, அவன் கேட்கச் சொல்லிக் கேட்கிறாளா என்றுதான் முதலில் நினைத்தேன். பத்து மாதம் சுமந்த பிள்ளையை அப்படி நினைக்க வைத்துவிட்டாய். அவனை வேறு இடத்தில் விட்டுவிட்டு நான் திரும்பும்போது தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான், அக்காவுக்குச் சொல்லாதீங்க அம்மா என்று.

கண்ணகை அம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், அவளுக்கு உன்னில் கோபம் இருக்காது, எனக்கு இருக்கிறது. காலுக்கு மேஸ் போடாமல் குளிரில் வெளியே இறங்காதே. அந்தப் பொம்மையை இன்றைக்கே அழித்துவிடு. ரெலிபோன் எடுத்தால் சித்தப்பாவின் கை எப்படி என்று கேள், தம்பியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காதே.

இப்படிக்கு,
அம்மா.
பெயர் எழுதவில்லை, என் கையெழுத்து உனக்குத் தெரியும்.