நீலத் தொட்டிக்குள் கிடந்த கொட்டோ கிளப்

என் செல்ல மச்சாள் தர்சிக்கு,

நீ செத்த முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து ஐந்து நாளாகிறது. எனக்கு இன்னும் குமட்டுகிறது. அழுகை வருமென்றுதான் எல்லோரும் சொன்னார்கள், வந்தது அருவருப்பு. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நினைவு மலரின் அட்டையில் உன் அரங்கேற்றப் படம். பதினாலு வயது, நெற்றிச்சுட்டி, உதட்டுச்சாயம், மடியில் வீணை. அன்றைக்கு நாலு சேலை மாற்றினாய். வீட்டுக்கு வந்து இறங்கியதும் காருக்குப் பக்கத்திலேயே வாந்தியெடுத்தாய். பிறகு இரண்டு வருடம் வீணையின் உறையைக்கூட நீ அவிழ்க்கவில்லை. உன் அப்பா, என் மாமா, அதை மறந்துவிட்டாரா, அல்லது அவருக்கு அது தெரியவே தெரியாதா?

உன்னை வீணைக்குத் திருப்பிக் கொண்டுவந்தது ஒரு ஜப்பானிய மங்கா, பின்பக்கத்திலிருந்து வாசிக்கிற படக்கதைத் தொடர். வெக்ஸ்போர்ட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கினாய். ஆள் சேராமல் மூடப்போகிற ஒரு பள்ளிக்கூடத்துக் கொட்டோ கிளப்பின் கதை. கொட்டோ என்கிற, நீட்டிக் கிடத்திய அந்தத் தந்தி வாத்தியத்தோடு பிள்ளைகள் சண்டைபிடித்து, கோபித்து, கடைசியில் ஒன்றாக வாசிப்பார்கள். "பாரடி, ஒருத்தரும் முன்னுக்கு இல்லை. எல்லாரும் ஒரே வரிசையிலை இருக்கினம்" என்றாய். அடுத்த மாதமே நம் பள்ளியிலும் ஒரு கிளப். நீ வீணை, நான் வயலின், கஜன் மிருதங்கம், ஷர்மி புல்லாங்குழல். பள்ளி முடிந்தும் விடவில்லை. பன்னிரண்டு வருடம், டோர்செட் பார்க்கில் ஷர்மியின் அடுக்குமாடிக் கட்டடத்துப் பார்ட்டி ரூமில், ஞாயிறுதோறும் அதே நாலு பேர்.

மலருக்கு உன்னைப் பற்றி எழுதியது நான்தான். கிளப்பையும் மங்காவையும் எழுதினேன். மாமா சிவப்புப் பேனையால் வெட்டினார்.

"உந்தப் படப்புத்தகக் கதையெல்லாம் என்னத்துக்குப் பிள்ளை? சனம் சிரிக்கும். அரங்கேற்றத்தைப் பற்றி இன்னும் ரெண்டு பக்கம் எழுது."

"ஓம் மாமா" என்றேன். எழுதியும் கொடுத்தேன்.

சடங்கு நடந்த மண்டபத்தில் இன்னும் கேவலம். நாங்கள் மூவரும் வாசிக்கக் கேட்டோம். வாசிக்கலாம், ஆனால் மாமியின் தங்கை மகள் முன்னால் இருப்பாள் என்றார் மாமா. உன் அரங்கேற்றச் சேலையில், உன் வீணையோடு! எங்களைப் பூக்கூடைகளுக்குப் பின்னால் இருத்தினார்கள். ஒரு அங்கிள் ரோல்ஸைக் கடித்தபடி ஃபோனில் படம் பிடித்தார். "தர்சியே திரும்பி வந்தமாதிரிக் கிடக்கு" என்றார். சீ! அந்தப் பிள்ளையில் பிழையில்லை, பாவம். நான் அப்போதும் எழுந்து போகவில்லை. பின்னாலிருந்து வில்லை இழுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாப்பாட்டுச் சட்டிகளைத் திருப்பிக் கொடுக்க உங்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் ரீசைக்கிளிங் வண்டிக்காக நிறுத்திய நீலத் தொட்டிக்குள், பீட்சா பெட்டிகளுக்கு மேலே, உன் மங்கா. பதினொரு புத்தகமும்.

"பின்பக்கத்திலை துவங்கிற புத்தகத்தை ஆர் வாசிக்கிறது?" என்றார் மாமா.

எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தேன். எண்ணெய்க் கறையைத் துடைக்கும்போதுதான் ஏழாவது புத்தகத்தைத் திறந்தேன். அந்தப் பிள்ளைகள் மேடையில் வாசிக்கிற பக்கங்கள். ஓரங்களில் பென்சிலால் நீ ஸ்வரம் எழுதியிருந்தாய். நாலு வரி, நாலு பேருக்கு. இதை ஏன் எங்களுக்குக் காட்டவில்லை? முடித்துவிட்டுக் காட்ட இருந்தாயா?

என் வரியில் இரண்டு ஆவர்த்தனம், இரண்டு முழுத் தாளச் சுற்று, வெறுமையாக இருந்தது. பக்கத்தில் உன் கையெழுத்து: "நிரூ, இதிலை மட்டும் சும்மா இரு."

மற்ற எல்லா இடத்திலும்தான் நான் சும்மா இருந்திருக்கிறேன், தர்சி. மாமாவை நினைத்து வருவதைவிட என்னை நினைத்துத்தான் எனக்கு அதிகம் குமட்டுகிறது.

நேற்று மாமாவுக்குப் போன் எடுத்தேன். "மாமா, மலரிலை நான் எழுதினது பொய். தர்சிக்கு அரங்கேற்றம் பிடிக்கேல்லை. அவள் எழுதி வச்சதை ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப் போறம். வீணையைக் கொண்டு வாங்கோ. வந்து எங்களோடை நிலத்திலை இருங்கோ."

நேரத்தையும் இடத்தையும் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் போனை வைக்கவில்லை.

வருவாரோ தெரியாது. வந்தாலும் வராவிட்டாலும் வரிசையில் உன் இடம் இருக்கும், அதற்கு முன்னால் யாரும் இருக்கமாட்டார்கள். நீ விட்ட அந்த இரண்டு ஆவர்த்தனத்துக்கு மட்டும் நான் சும்மா இருப்பேன். இனி வேறெங்கும் இல்லை. இது உனக்குச் செய்து தருகிற சத்தியம்.

உன் மச்சாள்,
நிரூ