முகமில்லாதவள் என்ன சொன்னாள்

பிப்ரவரி 6

முதியோர் எழுத்து வகுப்பு டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். சிறு வயதில் உங்களைப் பயமுறுத்திய படம் எது? எழுபத்திரண்டு வயதில் எனக்கு வீட்டுப்பாடம்! ஐஸ் ஃபாக்டரியில் நாற்பது வருஷம் பனிக்கட்டி இழுத்த கை இது. பேனா வழுக்குகிறது. தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 7

எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பதினாலு. வேற்று மொழிப் பேய்ப்படம். கீழே நம் எழுத்து ஓடும். அண்ணன் அதைப் படித்து என் காதில் சொல்வார். ஒருத்தி கண்ணாடி முன் தலை சீவுகிறாள். முகம் இருக்க வேண்டிய இடம் மாவு உருண்டை மாதிரி வழவழவென்று இருக்கிறது. நம் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். அண்ணன் படித்தார்: “இந்த வரிசையில ஒரு சின்னப் பையன் இருக்கான். அவன் மூஞ்சி எனக்கு வேணும்.”

கால்சட்டை நனைந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ பேய்ப்படம் பார்த்தேன். பயந்தவனுக்குத்தான் அதில் ஆசை. ஆனால் கண்ணாடியை மூடாமல் ஒரு நாளும் தூங்கியதில்லை. கல்யாணமான புதிதில் அலமாரிக் கண்ணாடிக்குத் துண்டு போட்டேன். “என்னைப் பாக்கப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க” என்றாள் இவள்.

பிப்ரவரி 9

டீச்சர் சிவப்பு மையில் ‘நன்று’ என்று எழுதியிருந்தார். நானே படித்தேன்.

பிப்ரவரி 15

பேத்தி அந்தப் படத்தை ஃபோனில் தேடிப் பிடித்துவிட்டாள். மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். எனக்காக வரிக்கு வரி நிறுத்தினாள். முகமில்லாதவள் திரும்பினாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

“கதவைச் சாத்துங்கள். குளிர் உள்ளே வருகிறது.”

அவ்வளவுதானா? நாலு தரம் ஓட்டச் சொன்னேன். அதேதான். என் மனைவி இருமல் வரும் வரை சிரித்தாள். “பாவம், அந்தம்மாவுக்கு ஒரு போர்வை குடுத்திருக்கலாம்.”

பிப்ரவரி 16

அண்ணன் தையல் கடைக்குப் போய்ச் சொன்னேன்.

“அது வேற படமா இருக்கும்டா.”

“இல்லண்ணே, அதே கண்ணாடி, அதே சீப்பு.”

“அப்ப எழுத்தை மாத்தியிருப்பானுங்க.”

என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைக்குப் பொத்தானைப் பின்பக்கமாக வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 18

எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

அப்பா தூரத்தில் ஒரு துறைமுகத்தில் வேலை பார்த்தார். கடிதம் வரும். அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. அண்ணன்தான் படிப்பார். ‘சின்னவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்’ என்று ஒரு கடிதத்திலும் அவர் படித்ததில்லை. அப்பா எழுதாமலா இருந்திருப்பார்? எழுதியிருந்து, இவர் முழுங்கிட்டாரா? நான் வேலைக்குப் போனாப் போதும்னு நெனச்சாரா?

சீ. என்னை வளர்த்தவர்.

ஆனாலும் — சினிமாவில் மாற்றிப் படித்தவர் வீட்டில் மட்டும் ஒழுங்காகப் படித்திருப்பாரா?

அப்பாவின் கடைசிக் கடிதம் அண்ணனின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அது வந்து இரண்டு மாதத்தில் அப்பா இறந்த சேதி வந்தது.

பிப்ரவரி 21

அண்ணன் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன்.

பிப்ரவரி 24

போய்விட்டேன். “அப்பா கடுதாசியைக் குடுங்கண்ணே. நானே படிச்சுக்கறேன்.”

“என் மேல சந்தேகமா?”

“ஆமா.”

பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். “படி. சத்தமாப் படி. அதுல என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாதுடா.”

எனக்கு விளங்கவில்லை.

“ரெண்டு மாசம் பள்ளிக்கூடம் போனேன். எம்புள்ள படிச்சுட்டான்னு அம்மா தெருவெல்லாம் சொல்லிடுச்சு. அப்புறம் இல்லைன்னு சொல்ல வாய் வரலை. கடுதாசியைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு அம்மா மூஞ்சியைப் பார்ப்பேன். எதைக் கேட்டா சிரிக்கும்னு தோணுதோ, அதைச் சொல்வேன்.”

“அந்தப் படத்துல?”

“உன் மூஞ்சியைப் பார்த்தேன். நீ பயந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு.”

இருவரும் சிரித்துவிட்டோம். எத்தனை நாள் அவரைத் திருடனாக நினைத்திருந்தேன்! பிறகு கடிதத்தைப் பிரித்தேன். மெதுவாக, வாய்க்குள் படித்தேன்.

‘மூத்தவனே, இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. எனக்கு நெஞ்சு வலி அதிகமாகிவிட்டது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கடிதம் கண்டதும் நீ புறப்பட்டு வா. உனக்காகத்தான் காத்திருக்கிறேன்.’

“என்னடா, எழுத்து புரியலையா?”

“கொஞ்சம் கிறுக்கலா இருக்குண்ணே.” தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். “எல்லாரும் நலம்தானே. எனக்கு இங்கே வேலை அதிகம். மூத்தவன் இருப்பதால் வீட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.”

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மூத்தவன் இருக்கறதாலன்னா போட்டிருக்கு? இன்னொரு தரம் படி.”

ஒரு வார்த்தை மாறாமல் மறுபடியும் படிக்க வேண்டியிருந்தது. எழுதப் பழகியதைவிட அது கஷ்டமாக இருந்தது. அண்ணன் கடிதத்தை வாங்கி மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 3

அண்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் புது நோட்டு, சட்டைப் பையில் அதே கடிதம். நாளையிலிருந்து என்னோடு வகுப்புக்கு வரட்டுமா என்று கேட்டார்.

“இடமில்லைண்ணே. பெஞ்சு எல்லாம் நெறைஞ்சு போச்சு” என்றேன்.

நாங்கள் ஆறு பேர்தான் படிக்கிறோம்.