இறக்கத்தில் நியூட்ரல்

அன்புள்ள சின்னவனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் கை கால் முழுசாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். டீசல் விலை ஏறினதிலிருந்து பஸ் டிப்போவில் ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள், எந்த டிரைவர் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்று தினமும் அதில் எழுதுகிறார்கள். உன் அப்பா பெயர்தான் எப்போதும் முதலில். மனுஷனுக்குத் தலை கால் புரியவில்லை. வீட்டிலும் பால் பொங்குவதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிட்டு, மிச்சச் சூட்டிலேயே பொங்கிடும் என்கிறார். இதுவரை ஒரு நாளும் பொங்கவில்லை.

போன வாரம் உன் அக்கா வீட்டுக்குப் போக அவர் பஸ்ஸிலேயே ஏறினேன், முன் சீட்டு. ஆஸ்பத்திரி இறக்கம் வந்ததும் வழக்கம்போல கியரை எடுத்து நியூட்ரலில் போட்டுவிட்டார், வண்டி தானாக உருண்டால் டீசல் மிச்சமாம். பாதி இறக்கத்தில் ஏதோ தீய்கிற வாடை. பிரேக்கை மிதிக்கிறார் மிதிக்கிறார், பிடிக்கவில்லை, கியரும் விழவில்லை. கடைசியில் ஓரத்துச் சுவரில் உரசி உரசித்தான் நிறுத்தினார். பெயிண்ட் உரிந்ததோடு போயிற்று, யாருக்கும் ஒன்றுமில்லை. கியரிலேயே இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறித் தீயாது, இந்தப் புது வண்டிகளில் அப்போது டீசலும் போகாது என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். இவர் கேட்டால்தானே, இத்தனை வருஷமா ஓட்டுறேன், எனக்கே பாடமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவரோடு நான் மல்லுக்கட்டிக்கொள்கிறேன், என் பயமெல்லாம் உன்னைப் பற்றி. போன தடவை போனில், எங்க கம்பெனி லாரிகளிலேயே என் வண்டிதான் மைலேஜில் முதல் என்றாயே, அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, யார் பிள்ளை என்றார், நானும் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. உனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். நீ ஓட்டுவதோ மலை ரோடு, பின்னால் சிமென்ட் பாரம். உரசி நிறுத்த அங்கே சுவர் இருக்குமா ராசா?

மைலேஜில் நீ கடைசியில் வந்தாலும் எனக்கு ஒரு குறையும் இல்லை, உசிரோடு வந்தால் போதும். வேளைக்குச் சாப்பிடு. பிரேக்கைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதே. நீ நல்லா இருக்கணும், நீண்ட ஆயுசோடு இருக்கணும்.

இப்படிக்கு,
உன் அம்மா

தம்பி, அப்பா எழுதுவது. தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தாள், படித்துவிட்டேன். இன்றைக்கு ஆஸ்பத்திரி இறக்கத்தில் கியரிலேயே வந்தேன். போர்டைப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். நீயும் கியரிலேயே இறங்கு.