ஒட்ட வெட்டிய நகம்

என் கிட்டார் ஜோடிக்கு,

கச்சேரிக்கான அந்த ஸ்பானிய ஃபிளமெங்கோ ஸ்கேல் ஓட்டம் நீ கேட்ட வேகத்துக்கு வந்துவிட்டது. குழந்தை தூங்கும்போதெல்லாம் கம்பிகளுக்கு அடியில் துணியைச் செருகி, ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி ஓட, நாலைந்து சுரங்களாகப் பழகினேன். அவள் சிணுங்கினால் நிறுத்திவிடுவேன். போன வாரம் கை தானாக ஓடியது. அழுதுவிட்டேன்.

நேற்று அவளைக் குளிப்பாட்டும்போது, மீட்டுவதற்காக வளர்த்த நகம் அவள் கண்ணுக்குக் கீழே கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். "நாளையிலிருந்து நான் குளிப்பாட்டுறேன், நகத்துல மட்டும் கை வச்சிடாதே" என்று இவர் கெஞ்சினார். அதற்குள் எல்லாவற்றையும் ஒட்ட வெட்டிவிட்டேன்.

வெறும் விரலில் வாசித்துப் பார்த்தேன். பஞ்சைத் தட்டுவதுபோல் இருக்கிறது, வேகமும் போய்விட்டது. கச்சேரிக்குள் நகம் வளராது. அந்த ஓட்டத்தை நீ வாசி, மெதுவான பாகத்தை எனக்குக் கொடு. வேறு ஆளைப் பார்த்துவிடாதே.

"உலகத்துல நீ மட்டுந்தான் பிள்ளை பெத்தியாடி?" என்று போன தடவை கேட்டாய். இந்தத் தடவையும் கேட்பாய். போனில் வேண்டாம், நேரில் வந்து திட்டு. திட்டி முடித்ததும் இவளைக் கொஞ்சம் வைத்துக்கொள். நான் தூங்க வேண்டும்.

இன்னமும்
உன் ஜோடிதான்