அகில் கட்டை அத்தர்

கண்ணு,

நீ கல்யாணமாகி ஹனூருக்குப் போய் நாலு மாதமாகிறது. ஹாஸ்டலில் உன் கட்டிலுக்கு வேறொருத்தி வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவராஜா மார்க்கெட்டில் அகில் கட்டை அத்தர் கேட்டேன்.

"அது ஆம்பளைங்க போடறதும்மா. மல்லிகை தரட்டுமா?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தானுங்க. அதையே குடுங்க" என்றேன்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் கனகாக்கா, "யாரோட சட்டையப் போட்டுட்டு வந்தே?" என்று சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. என் வாசனை இதுதான் என்று முதல்முறையாகத் தோன்றியது.

உன் கல்யாணத்தன்று சொல்ல நினைத்தது இன்றும் எழுத வரவில்லை. அதனால் காகிதத்தில் ஒரு சொட்டு தடவியிருக்கிறேன். உன் வீட்டுக்காரர் ஆம்பளை வாசனை என்று சந்தேகப்பட்டால், எழுதியது பெண்தான் என்று தைரியமாகச் சொல். அது பொய்யில்லை.

இப்படிக்கு,
உன் அறைத்தோழி